வெள்ளத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் நம்மை நோக்கி இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கரை புரளும்போது, "இத்தனை அணைகளும் ஏரிகளும் இருந்தும் வெள்ளத்தைத் தடுக்க முடியவில்லையே, ஏன்?" என்று கேட்கிறார்கள். மாசி, பங்குனியில் பயிர் வாடும்போது, "மழைக் காலத்தில் அத்தனை நீரையும் வீணே கடலுக்கு விட்டுவிட்டீர்களே, ஏரியை நிரப்பி வைத்திருக்கலாகாதா?" என்று கேட்கிறார்கள். இரண்டையும் கேட்பவர் பெரும்பாலும் ஒருவரேயாவார். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் வெள்ளத்தைத் தடுப்பது ஏரியிலுள்ள நீரன்று, ஏரியிலுள்ள வெற்றிடம். பயிரைக் காப்பதோ நீர். ஒரே ஏரி ஒரே நாளில் நிறைந்தும் காலியாகவும் இருத்தல் இயலாது. ஆதலால், வெள்ளத்துக்கென எவ்வளவு வெற்றிடம் ஒதுக்க வேண்டும், அதனை எந்த மாதம் வரையில் ஒதுக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். அக்கணக்கைத்தான் இன்று நாம் சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறோம். பெருக்கல் அறிந்தவர் எவரும் இதனைப் போடலாம்.

முதலில் அளவைகளைப் பார்ப்போம். செய்தித்தாளில் "ஆற்றில் 10,000 கன அடி" என்று படிக்கிறோம். வினாடி ஒன்றுக்கு 10,000 கன அடி நீர் ஓடுகிறது என்பது அதன் பொருள். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். ஒரு நாளில் 86,400 வினாடிகள் உள்ளன. ஆகவே வினாடிக்கு ஒரே ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடும் வாய்க்கால் 86,400 கன அடி நீரைக் கொண்டு வரும். ஓர் ஏக்கர் வயலில் இரண்டடி உயரத்துக்கு நிற்கக்கூடிய நீர் அது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 864 கோடி கன அடி. நூறு கோடி கன அடியைத்தான் ஒரு டி.எம்.சி. என்கிறோம். எனவே அது 8.64 டி.எம்.சி. ஆகும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வெள்ளச் செய்தி எதனையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டாக மேட்டூர் அணையைப் பாருங்கள். அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தமிழ்நாட்டின் நீர்த்தேக்கங்களுள் அதுவே பெரியது. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தின் உச்சம் வினாடிக்கு 4½ லட்சம் கன அடிக்கு மேற்பட்டதெனக் கணக்கிட்டார்கள். அப்போது மேட்டூர் அணை இல்லை. 1925-ல் தொடங்கி 1934-ல் அது கட்டி முடிக்கப்பட்டது. இன்று அத்தகைய வெள்ளம் உச்ச வேகத்திலேயே தொடர்ந்து வருவதாகவும், அணையில் ஒரு சொட்டு நீரும் இல்லையென்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 39 டி.எம்.சி. வந்து சேரும். இரண்டரை நாளுக்குள் அணை நிரம்பிவிடும். அத்துணைப் பெரிய அணைக்கே கணக்கு இதுதான். எனவே வெள்ளம் முழுவதையும் பிடித்து வைக்கும் நோக்கத்துடன் எவரும் அணை கட்டுவதில்லை. மேட்டூரிலும் உபரி நீர் செல்வதற்குப் பதினாறு கண் மதகு அமைத்திருக்கிறார்கள்.

அப்படியாயின் எவ்வளவைப் பிடிக்க வேண்டும்? இங்குதான் கணக்கின் உயிர்நிலை இருக்கிறது. ஆறு தன் கரைகளுக்குள் சேதமின்றிச் சுமந்து செல்லக்கூடிய நீரை நாம் பிடிக்க வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டதை மட்டும், அது மேற்பட்டிருக்கும் நேரம் வரையில் மட்டும், பிடித்து வைத்துப் பின்னர் மெல்ல விட்டால் போதும்.

ஒரு கற்பனை ஆற்றை எடுத்துக்கொள்வோம். அதில் வினாடிக்கு 10,000 கன அடி ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே பெருமழை பெய்கிறது. 10 மணி நேரத்தில் நீர் சீராக ஏறி 60,000 கன அடியாகிறது. பிறகு 20 மணி நேரத்தில் இறங்கி மறுபடியும் 10,000 ஆகிறது. வெள்ளம் விரைந்து ஏறி மெல்ல வடியும் என்பதை நீங்கள் கண்ணாரக் கண்டிருப்பீர்கள். இதனைக் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். கிடையாக மணியையும் நெடுக்காக நீரின் அளவையும் குறித்தால் ஒருபுறம் செங்குத்தாகவும் மறுபுறம் சரிவாகவும் ஒரு குன்று தோன்றும். இக்குன்று முழுவதும் 378 கோடி கன அடி. அணைக்குக் கீழே ஆறு 30,000 கன அடி வரையில் தாங்கும் என்றால், அந்த மட்டத்தில் குன்றின் குறுக்கே ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு மேலே நிற்கும் சிகரம்தான் நாம் பிடிக்க வேண்டிய நீர். அச்சிகரம் 30,000 கன அடி உயரமும் 18 மணி நேர அகலமும் உள்ள முக்கோணம். உயரத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பாதியாக்கி, மணிக்கு 3,600 வினாடி வீதம் மறுபடியும் பெருக்கினால் 97 கோடி கன அடி வரும். வெள்ளம் முழுவதற்கும் வேண்டிய இடத்தில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கேயாகும்.

இனி, இதே ஆற்றில் கரையோரம் வேலிக் கருவை அடர்ந்து, மணல் மேடிட்டு, புறம்போக்கில் சிலர் வரப்புப் போட்டுவிட்டதனால் 20,000 கன அடிக்கு மேல் தாங்காத நிலை ஏற்பட்டுவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக் கீழே இறக்கிக் கணக்கைப் போடுங்கள். சிகரத்தின் உயரமும் கூடுகிறது, அகலமும் கூடுகிறது. தேவையான இடம் 97 கோடியிலிருந்து 173 கோடி கன அடியாகிவிடுகிறது! மாறாக, ஆற்றைத் துப்புரவு செய்து, கரையைப் பலப்படுத்தி, 40,000 கன அடி தாங்கும்படி செய்தால் 43 கோடி போதும். ஆறு தாங்கும் திறனில் 10,000 கன அடி குறைந்தால், ஏறக்குறைய 76 கோடி கன அடி கொள்ளும் புதிய நீர்த்தேக்கம் ஒன்று தேவைப்படுகிறது. அந்த நீர்த்தேக்கத்துக்கு எத்தனை ஏக்கர் நிலம் மூழ்க வேண்டும், எத்தனை குடும்பங்கள் எழுந்து போக வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். உபரி நீர் ஓடையில் இரண்டு மரக்கால் விதைப்பாட்டுக்கு வரப்புப் போடுபவர், தாமறியாமலே எங்கோ ஒரு கிராமத்தை மூழ்கடிக்கும் அணைக்கு அடிக்கல் நாட்டுகிறார் என்றே நாம் கூறுவோம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனினும் அச்சட்டத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகும் அதிகாரிக்கு ஊரார் துணை நிற்கவில்லையெனில் அவர் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டியதுதான்.

எத்தனை பெரிய வெள்ளத்துக்குக் கணக்குப் போடுவது என்பது அடுத்த கேள்வி. என்ஜினீயர்கள் "நூறாண்டு வெள்ளம்" என்பார்கள். அது நூறாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்து போகும் விருந்தாளி என்று கருதிவிடலாகாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்தில்தான் என்று உறங்க முடியாது. முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வருவதற்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இதனோடு, வண்டல் படிந்து குறையும் இடம், மதகைத் திறக்கச் சற்றுத் தாமதித்தால் வீணாகும் இடம் ஆகியவற்றுக்கும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

கணக்குப்படி இடம் இருந்தால் மட்டும் போதுமா? வெள்ளம் வரும் வேளையில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டுமன்றோ! 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை நாம் மறந்திருக்க முடியாது. அன்றைய மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 364½ கோடி கன அடி. ஏரியிலிருந்து அன்று அடையாற்றில் விடப்பட்ட நீரின் உச்ச அளவு வினாடிக்கு 29,000 கன அடி. எப்போது திறந்திருக்க வேண்டும், எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வாதத்தினுள் நாம் இங்கே புகவில்லை. பெருக்கலை மட்டும் செய்வோம். வினாடிக்கு 29,000 கன அடி வந்துகொண்டேயிருந்தால், மணிக்கு 10 கோடியே 44 லட்சம் கன அடி சேரும். ஏரி முற்றிலும் காலியாக இருந்தால் 35 மணி நேரம் தாக்குப் பிடிக்கும். பத்தில் ஒரு பங்கு மட்டுமே காலியாக இருந்தால் மூன்றரை மணி நேரம்! ஒரு சினிமாவுக்குப் போய் வருவதற்குள் முடிந்துவிடும். அவ்வாண்டு நவம்பரிலேயே பலமுறை கனமழை பெய்து ஏரிகளெல்லாம் நிறைந்திருந்தன. வடகிழக்குப் பருவமழையின் குணம் இதுதான். புயற்சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு வெள்ளத்துக்கு இடம் வைத்தால் போதாது. முதல் வெள்ளத்தைப் பிடித்த நீரை இரண்டாவது வருமுன் வெளியேற்றி, இடத்தை மீண்டும் காலி செய்ய வேண்டும். அந்த ஏரியோ சென்னை மாநகரின் குடிநீர்த் தொட்டி. காலி செய்யும் அதிகாரியின் கை நடுங்குவதில் வியப்பில்லை.

நிறைந்த அணை வெள்ளத்தைப் பொறுத்த மட்டில் ஏறக்குறைய அணையே அன்று. அது ஆற்றின் ஒரு பகுதிதான். 2018 ஜூலையில் மேட்டூர் நிறைந்தது. ஆகஸ்டில் காவிரியில் வந்த பெருநீர் பெரும்பாலும் வந்தபடியே கீழே விடப்பட்டது. அந்த ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் மதகுகளில் ஒன்பது இடிந்து ஆற்றோடு சென்றன.

இன்னொன்றையும் இங்கேயே கூறிவிடுகிறோம். அணை தனக்கு மேலே பெய்யும் மழையைத்தான் பிடிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு சதுர மைல் பரப்பில் அம்மழை கொட்டிய நீர் மட்டும் 8 கோடியே 70 லட்சம் கன அடி. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் மலையடியில் இருக்கின்றன. கடலோரச் சமவெளியில் கொட்டிய மழையை அவை என்ன செய்ய முடியும்? அங்கே பிடிப்பதற்கு இருப்பவை ஊர் ஏரிகளும் குளங்களுமே. தமிழ்நாட்டில் அவை ஏறத்தாழ 39,000 உள்ளன. ஒன்றின் உபரி மற்றொன்றுக்குப் போகும்படி சங்கிலித் தொடராக நம் முன்னோர் அமைத்து வைத்தார்கள். இவற்றுள் 100 ஏக்கருக்குட்பட்ட ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில், அதாவது இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் பொறுப்பிலும் நம் பொறுப்பிலும் இருக்கின்றன. எனவே இனி மேட்டூரை விட்டு நம் ஏரிக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது நடந்ததைக் கூறுகிறோம். ஊரின் பெயர் வேண்டாம். மேலூர் என்றும் கீழூர் என்றும் வைத்துக்கொள்வோம். மேலூர் ஏரிக்கு ஆயக்கட்டு 90 ஏக்கர், நீர் பரவும் இடம் 50 ஏக்கர். கலங்கல் 20 அடி நீளம். கணக்குக்காக எல்லாவற்றையும் முழு எண்ணாகவே கூறுகிறோம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சம்பா கதிர் பிடிக்கும் நேரத்தில் கடைசி மூன்று தண்ணீர் கிடைக்காமல் பதராகப் போயிற்று. மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தபோது, மேலூரார் கலங்கல் கற்களுக்கிடையே பலகை சொருகி, மண் மூட்டை அடுக்கி, ஒன்றரை அடி உயரத்துக்கு நீரைத் தேக்கினார்கள். ஐம்பது ஏக்கரில் ஒன்றரை அடி என்றால் 75 ஏக்கர் அடி நீர். 90 ஏக்கருக்கு, தண்ணீருக்கு மூன்று அங்குலம் வீதம், சரியாக மூன்று தண்ணீருக்குச் சற்று மேலே வரும். அவர்களுடைய கணக்கில் பிழையே இல்லை. நாம் அவ்வழியாக ஜீப்பில் சென்றபோது மூட்டைகளைக் கண்டோம். இரண்டு ஆண்டு வறட்சியைக் கண்ட மனம், எடுக்கச் சொல்ல நா எழவில்லை. பார்த்தும் பாராதவர்போல் வந்துவிட்டோம்.

அவர்கள் போடாத கணக்கு ஒன்றிருந்தது. நாமும் போடவில்லை. அந்த ஏரிக்கு நீர்ப்பிடிப்பு ஒரு சதுர மைல். ஒரு சதுர மைலில் ஓர் அங்குல மழை பெய்தால் 23 லட்சம் கன அடி நீர். நிலம் நன்றாக ஊறியிருக்கும் கார்த்திகையில் பத்து அங்குலம் பெய்து, அதில் ஐந்தில் மூன்று பங்கு ஓடி வந்தால், ஏறக்குறைய 1 கோடியே 39 லட்சம் கன அடி. ஒரு நாளில் வந்து சேர்ந்தால், சராசரி வினாடிக்கு 160 கன அடி. கலங்கலின் மேல் இரண்டடி உயரம் நீர் புரண்டால் ஏறத்தாழ 170 கன அடி வெளியேறும். கட்டியவர்கள் அறிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டடியில் ஒன்றரை அடியைப் பலகை எடுத்துக்கொண்டு அரையடி மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? உயரம் கால் பங்காயிற்று, ஆகவே நீரும் கால் பங்கு போகும் என்றுதான் எவரும் நினைப்போம். அவ்வாறன்று. உயரம் குறையக் குறைய நீரின் வேகமும் குறைவதால், எட்டில் ஒரு பங்கே போகும். வினாடிக்கு 21 கன அடி! மிஞ்சிய அரையடி இடம் நிறைவதற்கு இரண்டு மணி நேரம் போதும்.

மழை அந்தி வேளையில் பிடித்தது. நள்ளிரவில் மேலூரார் மூட்டைகளை எடுக்கப் போனார்கள். ஓடும் நீரின் அழுத்தத்தில் பலகை அசையவில்லை. கரையின் மேல் டிராக்டர் ஏறி இறங்கித் தாழ்ந்து போயிருந்த தடம் ஒன்றிருந்தது. நீர் அங்கே வழி கண்டது. விடியுமுன் கரை முப்பதடி அகலத்துக்குப் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. கீழூரில் பதினோரு வீடுகளின் மண் சுவர் கரைந்தது, நடவு வயல்களில் முழங்கால் அளவு மணல் ஏறிற்று. மேலூருக்கோ மூன்று தண்ணீர் அல்ல, ஒரு தண்ணீரும் இல்லாமற் போயிற்று.

மறுநாள் உடைப்பின் அருகில் நின்றுகொண்டிருந்தபோது, அவ்வேரியில் தலைமுறையாக நீர் பாய்ச்சும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "பலகை போட்டதுதானே எல்லாவற்றுக்கும் காரணம், பெரியவரே?" என்றோம்.

"பலகை போட்டது தவறில்லை, ஐயா," என்றார் அவர். "பலகை போடத்தானே கலங்கலில் கல் நட்டு வைத்திருக்கிறார்கள்? கார்த்திகையில் போட்டதுதான் தவறு. மார்கழி பாதி போகட்டும், மழை ஓய்ந்ததா பார்த்துப் போடு என்று எங்கள் அப்பா சொல்வார். மழை ஓய்ந்த பின் வருகிற கடைசி ஊற்று நீருக்குத்தான் பலகை."

பட்டப்படிப்பிலும் பயிற்சி முகாம்களிலும் நாம் கற்றது இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. பெரிய நீர்த்தேக்கங்களுக்கு எந்த மாதத்தில் எந்த மட்டத்துக்கு மேல் நீரை வைக்கலாகாது என்று என்ஜினீயர்கள் கோடு வரைந்து விதி வகுக்கிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் இடம் மிகுதியாக இருக்க வேண்டும். பருவம் முடிய முடிய அந்த இடத்தை நீருக்கு விட்டுக்கொடுக்கலாம். பெரியவரின் தந்தை சொன்னது அதே விதிதான்.

அதன் பின் இரண்டு ஊராரையும் ஒரே மரத்தடியில் அமர்த்தி ஓர் ஒப்பந்தம் எழுதினோம். மார்கழி 15-க்கு முன் பலகை போடுவதில்லை என்று மேலூரார் ஒப்பினார்கள். கலங்கலிலிருந்து ஓடும் ஓடையைக் கீழூரார் ஆண்டுதோறும் புரட்டாசியில் வெட்டிச் சுத்தம் செய்வதென்று ஏற்றார்கள். கதையை இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் ஒப்பந்தம் எழுதிய முதல் ஆண்டிலேயே கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது. மார்கழி 15-ஆம் நாள் பலகை போட்டார்கள். பலகையைத் தொட நீர் இல்லை. மேலூர் உறுப்பினர் நம் அலுவலகத்துக்கு வந்து, "கீழூரைக் காப்பாற்ற எங்கள் ஏரியில் இடத்தைக் காலியாக வைத்தோம். வெள்ளமும் வரவில்லை, எங்கள் பயிரும் போயிற்று. அந்த இடத்துக்கு வாடகை யார் தருவார்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அந்தக் கேள்வி மேலூரோடு நிற்பதன்று. வெள்ளத்துக்கு இடம் ஒதுக்கும் திட்டம் எதுவாயினும் இக்கேள்வியில்தான் வந்து முட்டுகிறது. 1943-ல் வங்காளத்தில் தாமோதர் ஆற்று வெள்ளம் பெருஞ்சேதம் விளைவித்தது. வினாடிக்கு 10 லட்சம் கன அடி வெள்ளத்தை 2½ லட்சமாகக் குறைப்பதென்று அதன்பின் கணக்கிட்டுத் திட்டம் தீட்டினார்கள். 1953 முதல் 1959 வரையில் திலையா, கோனார், மைதோன், பஞ்சேத் என்ற நான்கு அணைகளைக் கட்டினார்கள். திட்டத்திலிருந்த மற்ற அணைகள் அப்போது கட்டப்படவில்லை. மைதோனிலும் பஞ்சேத்திலும் சுவர் முழு உயரத்துக்கு எழுந்தது. ஆனால் வெள்ள நீர் பரவ வேண்டிய மேல்மட்டம் வரையில் நிலம் கையகப்படுத்தப்படவில்லை. நிலம் மக்களிடமே இருக்கும்போது அதன் மேல் நீரை ஏற்றுவது எப்படி? கணக்கில் இருந்த இடத்தில் ஒரு பகுதி தாளில் மட்டுமே நின்றுவிட்டது.

அமெரிக்க நாட்டில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம் 1913 மார்ச்சில் மயாமி ஆற்று வெள்ளத்தில் மூழ்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆர்தர் மார்கன் என்ற என்ஜினீயர் அங்கே ஐந்து அணைகளைத் திட்டமிட்டார். 1922-ல் அவை முடிந்தன. 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் கூடுதலான வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டார். அவ்வணைகளின் சிறப்பு யாதெனில், அவற்றில் நீர் தேங்குவதே கிடையாது! அடியில் கதவில்லாத திறப்பு இருக்கிறது. சாதாரண நாட்களில் ஆறு அதன் வழியே ஓடிவிடும். பெருவெள்ளத்தில் திறப்பின் அளவுக்கு மேற்பட்ட நீர் மட்டும் தானே தேங்கித் தானே வடியும். கதவு இல்லை, ஆகவே அதைத் திறக்க மறந்த அதிகாரியும் இல்லை. நீர் பரவும் பகுதியில் விவசாயிகள் ஆண்டுதோறும் பயிர் செய்கிறார்கள். திட்டத்தார் அந்நிலங்களை விலைக்கு வாங்கி, வெள்ளம் வந்தால் நீர் பரவவிட உரிமை உண்டு என்ற நிபந்தனையுடன் பலவற்றை விவசாயிகளுக்கே திருப்பி விற்றார்கள். பணம் எங்கிருந்து வந்தது? வெள்ளத்திலிருந்து காக்கப்படும் சொத்துக்களை மதிப்பிட்டு, அவற்றின் உரிமையாளர்களிடமிருந்தே தீர்வையாகப் பெற்றார்கள். மேலூர்க்காரர் கேட்ட வாடகையைக் கீழூர்க்காரர் கொடுத்தார் என்று சொல்லலாம்.

அவ்வளவு பெரிய ஏற்பாடு நம்மால் உடனே ஆகாது. ஆனால் ஓர் ஏரியின் இடம் எந்த ஊரைக் காக்கிறதோ அந்த ஊருக்கும் அவ்வேரியின் செலவில் பங்குண்டு என்பதைப் பஞ்சாயத்துத் தீர்மானமாக எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. மேலூரில் நீர் பொய்த்த ஆண்டில், கீழூர்க் கிணறுகளிலிருந்து ஒரு தண்ணீர் கொடுப்பதென்று எழுதலாம். உழைப்பாகக் கொடுப்பதென்றும் எழுதலாம். எது பொருந்தும் என்பதை நம்மைவிட நீங்களே நன்கறிவீர்கள்.

அதற்குமுன் ஏரி ஏரியாகக் கணக்கு வேண்டும். கலங்கலின் நீளம், கலங்கல் மட்டத்துக்கும் கரையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள உயரம், ஓடையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம், பெரியவர்கள் கண்ட மிக உயர்ந்த வெள்ளத்தின் அடையாளம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொண்டால், இன்று காலை நாம் போட்ட கணக்கை உங்கள் ஏரிக்கு ஒரு மாலைப் பொழுதில் போட்டுவிடலாம். மழைமானி இல்லாத ஊரில் நேர்ச்சுவர் உள்ள டப்பாவை வெட்டவெளியில் வைத்து அளவுகோலால் அளந்தாலும் குற்றமில்லை. இரவில் இரண்டு மணிக்கொருமுறை யாராவது எழுந்து பார்க்க வேண்டும், அவ்வளவே.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு இவ்வூர் ஏரியின் கலங்கலில் ஒன்றிய ஓவர்சியர் மட்டக் கருவியுடன் காத்திருப்பார். கரையின் தாழ்ந்த இடத்தை முதலில் பார்ப்போம். அங்கேயும் டிராக்டர் தடம் ஒன்றிருப்பதைக் காலையில் வரும்போது கண்டோம்.